மின்சாரம் திரும்பும் நொடி: புதுச்சேரியும் மின்னணுக் கருவிகளின் தொடக்கக் காப்பும்

2011 டிசம்பர் 30 அன்று அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. நகரின் பல பகுதிகளிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. நீண்ட இருட்டுக்குப் பிறகு கரண்ட் வரும் நொடியில் வீட்டுப் பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். கருவி பழுதுபார்ப்பவர்களுக்கு அந்த நொடி வேறு விதமாகத் தெரியும். மழைநீர் புகாத வீட்டில், மூலையில் சும்மா இருந்த தொலைக்காட்சியைப் புயல் ஒன்றும் செய்வதில்லை. மின்சாரம் திரும்பும்போதுதான் அது கெடுகிறது.

மின்னணுக் கருவி ஒன்றின் வாழ்நாளில் மிகக் கடினமான நேரம், அதற்கு மின்சாரம் கிடைக்கும் முதல் சில நொடிகளாகும். உறுப்புகள் குளிர்ந்திருக்கும். மின்தேக்கிகள் வெறுமையாக இருக்கும். சுற்றின் ஒரு பகுதி வேலைக்கு வந்துவிட்டிருக்கும், இன்னொரு பகுதி இன்னும் விழித்திருக்காது. சுமை ஏறாத இடத்தில் மின்னழுத்தம் வழக்கத்தைவிட உயரும். வெறும் மின்தேக்கி இருக்கும் இடத்தில் மின்னோட்டம் வெள்ளம்போலப் பாயும். இதைத் தொடக்கத் தகைவு எனலாம். பழைய குண்டு பல்பை நினைத்துப் பார்த்தால் போதும். எரிந்துகொண்டிருக்கும்போது அது போவது குறைவு. சுவிட்சைப் போட்ட நொடியில் ‘டப்’ என்று போவதே அதிகம். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, சூடான இழையின் மின்தடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இழை மெலிந்துபோன இடத்தை முதல் பாய்ச்சல் கண்டுபிடித்துவிடும்.

இந்தச் சில நொடிகளைக் கடக்கப் பொறியாளர்கள் நூறாண்டுகளாகச் செய்துவந்தவற்றை உற்றுப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்கின்றன: சுற்றின் ஒரு பகுதி தயாராகும்வரை இன்னொரு பகுதியைக் காத்திருக்க வைக்கின்றன. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நகரம், சென்னை, திருச்சி, இலங்கை வானொலிகளைக் கேட்ட கடற்கரை, பிறகு கணினிகள் பூட்டப்பட்ட தொழிற்பேட்டை, அடிக்கடி புயல் வந்து மின்சாரத்தை நிறுத்தும் ஊர் என்று பல முகங்கள் புதுச்சேரிக்கு உண்டு. அந்தக் காத்திருப்பின் வரலாற்றில் பெரும்பகுதியை இங்கே நின்றே பார்த்துவிடலாம்.

ஒலிபரப்பிகளின் ஒழுங்கு

மின்னழுத்தத்தை அளவின்றிக் கொடுத்துக் கருவியைக் கொன்ற கதைகளில் பழையது 1858-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட முதல் தந்திக் கம்பி வழியே செய்தி சரியாகப் போகவில்லை என்று, அதன் மின்பொறுப்பாளர் வைல்டுமன் ஒயிட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட்டை அதில் செலுத்தினார். ஏற்கெனவே நலிந்திருந்த கம்பியின் காப்புறை தாங்கவில்லை. சில வாரங்களிலேயே கம்பி ஊமையாகிவிட்டது. மின்னழுத்தத்தை எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதெல்லாம் ஒரு தனி அறிவு என்பதை அந்த இழப்பு உலகுக்குக் காட்டியது.

தமிழ்நாட்டில் வானொலி 1924-இல் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 40 வாட் ஒலிபரப்பி ஒன்றைக் கொண்டு அந்த ஆண்டு ஒலிபரப்பியது. பணமின்றி 1927-இல் அது நின்றுபோக, 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16-இலும் தொடங்கின. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரம். ஆனால் வானலைக்குச் சுங்கச்சாவடி கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பு இந்தப் பக்கத்திலும் கேட்டது. புதுச்சேரிக்கென்று ஒரு வானொலி நிலையம் 1960களின் பிற்பகுதியில்தான் வந்தது.

அக்கால ஒலிபரப்பிகள் வெற்றிடக் குழல்களால் ஆனவை. வால்வு என்பதே மக்கள் வழக்கு. பெரிய ஒலிபரப்பியைச் சுவிட்ச் ஒன்றைத் தட்டி ஓட வைக்க முடியாது. முதலில் குளிர்விக்கும் காற்று அல்லது நீர், அடுத்து இழைகளுக்கு மின்சாரம், பிறகு கட்டுப்பாட்டு வலைக்கு எதிர் மின்னழுத்தம், கடைசியாகவே தகட்டுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட். வரிசை மாறினால் குழல் போய்விடும். வலையில் எதிர் மின்னழுத்தம் இல்லாமல் தகட்டில் உயர் மின்னழுத்தம் ஏறினால் மின்னோட்டத்தைத் தடுக்க எதுவுமில்லை. இந்த வரிசையை மனித நினைவை நம்பி விடாமல், காலத்தாழ்வு ரிலேக்களையும் ஒன்று முடியாமல் மற்றொன்று ஓடாதபடி பூட்டிய சுவிட்சுகளையும் வைத்தார்கள். காற்று வீசவில்லை என்றால் இழை எரியாது; இழை எரிந்து குறிப்பிட்ட நேரம் ஆகவில்லை என்றால் உயர் மின்னழுத்தப் பொத்தான் கேட்காது.

இவற்றில் மிகவும் பொறுமை கேட்டவை பாதரச ஆவி அலைதிருத்திகள். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிய இக்குழல்களில் 866ஏ என்ற வகை உலகெங்கும் பரவலாக இருந்தது. அதன் இழையைக் குறைந்தது 30 நொடிகள் சூடேற்றிய பிறகே தகட்டு மின்னழுத்தம் தர வேண்டும். புதிய குழலாக இருந்தால், அல்லது வண்டியில் குலுங்கி வந்திருந்தால், உள்ளே பாதரசத் துளிகள் மின்வாய்களின் மேல் தெறித்து ஒட்டியிருக்கும். அவை ஆவியாகிக் குழலின் அடிப்பகுதியில் சேரும்வரை நீண்ட நேரம் இழையை மட்டும் எரிய விட வேண்டும். அவசரப்பட்டால் மின்னோட்டம் தலைகீழாகப் பாய்ந்து உள்ளே மின்வில் எழும். வெப்ப நாடுகளில் கூடுதலாக ஒரு தொல்லை. பாதரசத்தின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் குழல் தாங்கும் எதிர்மின்னழுத்தம் குறைந்துவிடும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடு குளிரில் எப்படித் தொடங்குவது என்று கவலைப்படும். சோழமண்டலக் கரையின் மே மாத வெயிலில் மின்விசிறியைப் பற்றித்தான் கவலை.

வீட்டு வானொலியின் முப்பது நொடிகள்

வீட்டு வானொலியில் ரிலேயும் இல்லை, பொறியாளரும் இல்லை. சுவிட்சைத் திருகினால் முன்முக விளக்கு எரியும். அரை நிமிடம் போல அமைதி. பிறகு மெல்ல ஒலி எழும். அந்த அமைதிக்குள் என்ன நடந்தது என்பது வானொலியின் வடிவமைப்பைப் பொறுத்தது.

மின்மாற்றி உள்ள வானொலியை எடுத்துக்கொள்வோம். அதன் அலைதிருத்திக் குழல், 5யு4 போல, இழையே நேராக எலக்ட்ரான்களை உமிழும் வகையாக இருந்தால் இரண்டு மூன்று நொடிகளில் வேலைக்கு வந்துவிடும். மற்றக் குழல்களில் இழை ஒரு சிறு உருளையைச் சூடாக்கி, அந்த உருளை எலக்ட்ரான்களை உமிழ வேண்டும். அதற்குப் பத்து முதல் முப்பது நொடிகள். இடைப்பட்ட நேரத்தில் மின்னழுத்தம் தயார், அதைச் செலவழிக்க ஆளில்லை. மின்மாற்றி 300 வோல்ட் தருவதாக இருந்தால் மின்தேக்கிகள் அதன் உச்சமான 424 வோல்ட் வரை ஏறி நிற்கும். சுமையில்லாத மின்மாற்றி சொன்னதைவிடச் சற்று கூடுதலாகவே தரும் என்பதால் உண்மையில் இன்னும் மேலே போகும். சுமை ஏறியபின் 300-ஐ ஒட்டி இறங்கும் இடம் அது. ஓடும்போதைய அளவை மட்டும் பார்த்து 350 வோல்ட் மின்தேக்கியை மாட்டிய மலிவான வானொலிகள் நாள்தோறும் சில நொடிகள் அதைச் சித்திரவதை செய்தன. அந்தக் காலத்து மின்பகு மின்தேக்கிகள் பலவற்றின் உறையில் இரண்டு எண்கள் இருந்தது இதனால்தான்: 450 வோல்ட் இயங்கு அளவு, 525 வோல்ட் தற்காலிக உச்சம். இரண்டாவது எண் அந்த அரை நிமிடத்துக்காகவே அச்சிடப்பட்டது.

இதற்கு வந்த தீர்வு அழகானது. அலைதிருத்திக் குழலையே மெதுவாகச் சூடாகும் வகையாக மாற்றினார்கள். இந்திய வானொலிகளில் பரவலாக இருந்த ஈஇசட்80, பெரிய ஒலிபெருக்கிகளில் வந்த ஜிஇசட்34 ஆகியவை அப்படிப்பட்டவை. எல்லாக் குழல்களும் ஏறக்குறைய ஒன்றாக விழித்துக்கொள்வதால் மின்னழுத்தம் துள்ளாமல் ஏறும். கூடுதலாக ஒரு சுவிட்சோ ரிலேயோ தேவைப்படவில்லை. காத்திருப்பு, குழலின் உடம்பிலேயே அமைந்துவிட்டது. கித்தார் ஒலிபெருக்கிகளில் இன்றும் இருக்கும் ‘ஸ்டாண்ட்பை’ சுவிட்ச் இதே வேலையைக் கையால் செய்வது. குளிர்ந்த குழலுக்கு உயர் மின்னழுத்தம் தந்தால் உமிழும் பூச்சு உரிந்துவிடும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பெரிய ஒலிபரப்பிக் குழல்களுக்கு அந்த அச்சம் நியாயமானது. வீட்டு அளவுக் குழல்களுக்கு அதைப் பொருத்துவது மிகை. அங்கே உண்மையில் காக்கப்படுவது மின்தேக்கிதான்.

இன்னொரு வகை, மின்மாற்றியே இல்லாத ‘ஏசி-டிசி’ வானொலி. இந்திய நகரங்கள் சிலவற்றில் நேர்மின்சாரம் வழங்கப்பட்ட காலத்தில் இரண்டிலும் ஓடுவதற்காக வந்தது. மலிவு என்பதால் பின்னும் நிலைத்தது. அதில் எல்லாக் குழல்களின் இழைகளும் மாலைபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியக் குறியீட்டில் ‘யு’ என்று தொடங்கும் குழல்கள் எல்லாம் 100 மில்லி ஆம்பியர் இழை கொண்டவை. யுசிஎச்81, யுபிஎஃப்89 ஆகியவற்றுக்கு 19 வோல்ட் வீதம், யுஎல்84-க்கு 45, யுஒய்85-க்கு 38. மொத்தம் 121 வோல்ட். 230 வோல்ட் மின்சாரத்தில் மீதமுள்ள 109 வோல்ட்டை 1,090 ஓம் மின்தடை ஒன்று விழுங்க வேண்டும். ஏறத்தாழ 11 வாட் வெப்பம். வானொலியின் முதுகு சுட்டது இதனால்தான்.

கணக்கு சூடான நிலைக்குச் சரி. தொடக்கத்தில் இழைகளின் மின்தடை ஆறில் ஒரு பங்கு அளவே இருப்பதால், மாலையில் இயல்பைவிட ஒன்றேமுக்கால் மடங்கு மின்னோட்டம் பாயும். அதைவிடக் கெடுதல், எல்லா இழைகளும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. முதலில் சூடாகும் இழையின் மின்தடை முதலில் உயர்கிறது. எனவே பொது மின்னழுத்தத்தில் தனக்குரியதைவிடப் பெரிய பங்கு அதன்மேல் விழுகிறது. எனவே இன்னும் சூடாகிறது. முன்முக விளக்கும் அதே மாலையில் இருந்தால், சுவிட்சைப் போட்டதும் கண்ணைப் பறிக்கும்படி ஒளிர்ந்து மங்குவதைக் காணலாம். ஒருநாள் மங்காமல் அப்படியே போய்விடும்.

இதற்குச் சூடானால் மின்தடை குறையும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. உலோகங்கள் அதற்கு நேரெதிர். வெள்ளி சல்பைடு அப்படி நடந்துகொள்வதை மைக்கேல் ஃபாரடே 1833-இலேயே கண்டிருந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1930களில், ஜெர்மனியின் ஆஸ்ராம் நிறுவனம் யுரேனியம் டைஆக்சைடால் ‘யுர்டாக்ஸ்’ என்ற தடையைச் செய்து வானொலி இழைமாலைகளில் சேர்த்தது. குளிர்ந்திருக்கும்போது அது மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்தும். தான் சூடாகச் சூடாக வழிவிடும். பிற்பாடு வேறு உலோக ஆக்சைடுகளால் செய்யப்பட்டு, தெர்மிஸ்டர் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. இன்றைய கைப்பேசி மின்னேற்றியைப் பிரித்தால் உள்ளே இருப்பது இதன் வழித்தோன்றலாக இருக்கலாம்.

பிரெஞ்சுத் தொடர்பு புதுச்சேரிக்கு ஒரு தனித் தகைவையும் தந்தது. பிரான்சில் நெடுங்காலம் 110, 127 வோல்ட் மின்வழங்கல் பல இடங்களில் இருந்தது. அந்நாட்டு வானொலிகளின் பின்புறம் ஊர்தோறும் மாறும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாற்றிச் செருகும் முனை ஒன்று இருக்கும். பலவற்றில் உருகியும் அதிலேயே. 127-க்கு வைத்த முனையைக் கவனிக்காமல் 230 வோல்ட்டில் செருகினால், மேலே சொன்ன எல்லாத் தகைவும் இரட்டிப்பாகி ஒரே நொடியில் வந்து சேரும். பிரெஞ்சுக் காலப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் முதலில் பார்க்க வேண்டியது முன்முகத்தின் அழகை இல்லை, பின்புறத்து முனையை.

அணைக்காத கணிப்பொறிகள்

குழல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தபோது சிக்கல் வேறு உருவெடுத்தது. இங்கிலாந்தின் அஞ்சல்துறை ஆய்வு நிலையப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ், ஏறத்தாழ 1,600 குழல்களைக் கொண்டு மறைகுறி உடைக்கும் கொலோசஸ் பொறியைச் செய்ய முன்வந்தபோது, இத்தனை குழல்கள் ஒன்றாக ஓடாது என்று பலர் நம்ப மறுத்தனர். தொலைபேசி இணைப்பகங்களில் பழகியவர் அவர். இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும் குழல் அரிதாகவே கெடுகிறது, அணைத்துப் போடும் குழலே கெடுகிறது என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார். கொலோசஸ் 1944 தொடக்கத்தில் பிளெட்ச்லி பூங்காவில் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவின் எனியாக் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 குழல்கள். அங்கும் பழுதுகளில் பெரும்பாலானவை சூடேறும்போதும் குளிரும்போதும் நேர்ந்தன. எனவே அதையும் அணைக்காமல் வைப்பதே சிக்கனம் என்று கண்டார்கள். இந்தியாவில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறி ஏறத்தாழ 2,700 குழல்களைக் கொண்டது.

அணைக்காமலே இருப்பது எளிய தீர்வாகத் தோன்றலாம். மின்சாரம் நம் விருப்பப்படி வரும் இடத்துக்கு மட்டுமே அது தீர்வு.

வண்ணத் தொலைக்காட்சியின் ‘ஊம்’

1960களில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வானொலிக் குழல்களையும் குறைகடத்திகளையும் இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. பிறகு வந்த டிரான்சிஸ்டர் வானொலி மின்கலத்தில் ஓடியது. ஒன்பது வோல்ட்டில் சித்திரவதைக்கு இடமில்லை. போட்டவுடன் பாடியது. ஒரு தலைமுறைக்குத் தொடக்கத் தகைவு என்ற பேச்சே மறந்துபோனது.

தொலைக்காட்சி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. டயனோரா, சாலிடேர் போன்ற சென்னைப் பெட்டிகள் தமிழ் வீடுகளில் நுழைந்தன. வண்ணப் பெட்டியின் பின்னால் மின்மாற்றியின் இடத்தில், 230 வோல்ட்டை நேராகத் திருத்தி ஒரு பெரிய மின்தேக்கியில் நிரப்பும் சுற்று இருந்தது. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அலையின் உச்சத்தில் சுவிட்ச் விழுந்தால் வெறும் மின்தேக்கி அந்த நொடியில் குறுக்குச்சுற்றுக்குச் சமம். அதைத் தடுக்கச் சில ஓம் அளவுள்ள வெள்ளைச் செங்கல் போன்ற ‘சிமென்ட் ரெசிஸ்டர்’ ஒன்று முன்வாசலில் நின்றது. பெட்டி உயிரற்றுக் கிடந்தால் மெக்கானிக் முதலில் மீட்டரை வைப்பது அதில்தான். அது அறுந்திருந்தால் அது குற்றவாளி இல்லை, காவலாளி என்பது அவருக்குத் தெரியும். உள்ளே எது சுட்டதோ அதைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் போகும்.

வண்ணப் பெட்டியைப் போட்டதும் ‘ஊம்’ என்று ஓர் அதிர்வொலி கேட்டு அடங்குமே, அதுவும் முதல் நொடிகளின் கதைதான். படக்குழலின் உலோகத் திரை காந்தமேறினால் நிறங்கள் திட்டுத்திட்டாகிவிடும். அதைப் போக்கப் படக்குழலைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் பெரிய மின்னோட்டம் பாய்ந்து படிப்படியாகக் குறைய வேண்டும். இங்கே யுர்டாக்ஸுக்கு நேரெதிரான உறுப்பு தேவைப்பட்டது: குளிரில் வழிவிட்டு, சூடானதும் கதவை மூடுவது. கடைகளில் ‘பாசிஸ்டர்’ என்று கேட்டு வாங்கிய அந்தச் சின்னப் பெட்டி, பிற உறுப்புகள் அஞ்சிய தொடக்கப் பாய்ச்சலையே வேலைக்காரனாக்கிக்கொண்டது.

இதே ஆண்டுகளில் வீடுகளில் ஸ்டெபிலைசர் வந்தது. கொச்சியில் 1977-இல் தொடங்கிய வி-கார்டு போன்ற நிறுவனங்கள் இதில் வளர்ந்தன. மின்னழுத்தம் கூடினால் குறைப்பதும் குறைந்தால் கூட்டுவதும் அதன் விளம்பர வேலை. குளிர்பதனப் பெட்டிக்கான ஸ்டெபிலைசரில் ஒளிந்திருந்த இன்னொரு வேலை, மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் சும்மா இருப்பது. கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாகும் முன் மோட்டார் சுழல முயன்றால் அது நகராமல் நின்று சுடும். கரண்ட் வந்தும் ஃப்ரிட்ஜ் ஓடவில்லையே என்று ஸ்டெபிலைசரைத் தட்டுபவர்கள் அதன் மிகப் பயனுள்ள மூன்று நிமிடத்தைத்தான் திட்டுகிறார்கள்.

தொழிற்பேட்டையும் கணினியும்

வரிச்சலுகைகள் காரணமாகப் புதுச்சேரி இந்தியாவின் கணினி பூட்டும் இடங்களில் ஒன்றாயிற்று. எச்சிஎல், ஏசர், லெனோவோ ஆகியவை இங்கே ஆலைகள் நடத்தின. நாட்டின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இருந்த பல மேசைக் கணினிகள் இந்தச் சிறிய ஒன்றியப் பகுதியில் முதல்முறையாக ‘ஆன்’ செய்யப்பட்டவை.

மேசைக் கணினியின் மின்வழங்கிக்குள் காத்திருப்பு அடுக்கடுக்காக இருக்கிறது. வாசலில் தெர்மிஸ்டர். குளிரில் 10 ஓம் இருந்தால், உச்சத்தில் போட்டாலும் மின்னோட்டம் 32 ஆம்பியரைத் தாண்டாது. அது இல்லாவிட்டால் நூறையும் கடக்கலாம். அடுத்து, கட்டுப்பாட்டுச் சில்லு. நெடுங்காலம் பரவலாக இருந்த யுசி3842 தனக்கு 16 வோல்ட் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்காது. தொடங்கியபின் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிறுத்திவிடும். அரைகுறை மின்னழுத்தத்தில் ஓடி டிரான்சிஸ்டரைச் சுடுவதைவிட ஓடாமல் இருப்பது மேல் என்பது அதன் கணக்கு. தொடங்கும்போதும் துடிப்புகளின் அகலத்தை மெல்ல மெல்லக் கூட்டும்படி சுற்றை அமைப்பார்கள். கடைசி அடுக்கு, ‘பவர் குட்’ என்ற சைகை. எல்லா மின்னழுத்தங்களும் நிலைபெற்று 100 முதல் 500 மில்லி நொடிகள் கழிந்த பிறகே மின்வழங்கி அதை அனுப்பும். அதுவரை செயலி விழிக்காது. 1938-இன் ஒலிபரப்பி அறையில் பூட்டிய சுவிட்சுகள் செய்த வேலையை இங்கே ஒரு கம்பி செய்கிறது.

தெர்மிஸ்டருக்கு ஒரு பலவீனம் உண்டு, அது நம் ஊரைப் பார்த்தே அமைந்ததுபோல இருக்கிறது. தான் சூடாக இருக்கும்வரை அது காவலுக்கு இல்லை. மின்சாரம் போய் ஒரு நிமிடம் கழித்து வந்தால் தொல்லை இல்லை, அதற்குள் ஆறியிருக்கும். காற்றில் கம்பிகள் உரசி ஒரு நொடி போய் உடனே வந்தால், மின்தேக்கி காலியாகியிருக்கும், தெர்மிஸ்டரோ இன்னும் சூடாக, வழிவிட்டபடி இருக்கும். கதவும் திறந்திருக்கிறது, வெள்ளமும் வருகிறது. நீண்ட மின்வெட்டைவிடக் கண்சிமிட்டும் மின்சாரமே கருவிகளை அதிகம் கொல்கிறது என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு இயற்பியல் காரணம் இதுதான். விலையுயர்ந்த மின்வழங்கிகளில் தொடக்கம் முடிந்ததும் தெர்மிஸ்டரைச் சுற்றி ஒரு ரிலே வழி திறந்துவிடும். அதற்கு ஆற நேரம் கிடைக்கும். மலிவானவற்றில் அந்த ரிலேதான் முதலில் கைவிடப்படுகிறது.

புயலுக்குப் பின்

இதுவரை சொன்னவை கருவிக்குள் இருப்பவை. வெளியிலிருந்து வருவதை அவற்றால் ஓரளவே தாங்க முடியும். புயலுக்குப் பின் ஒரு தெருவுக்கு மின்சாரம் தரும்போது, அணைக்காமல் விட்ட எல்லா மோட்டார்களும் மின்விசிறிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் ஒரே நொடியில் தொடங்க முயல்கின்றன. மின்னழுத்தம் முதலில் அமிழ்ந்து, பாதுகாப்புச் சுவிட்சுகள் விழுந்து, மறுபடி போடப்பட்டு, பிறகு எழுகிறது. இவற்றைவிடக் கொடியது நியூட்ரல் கம்பி அறுந்திருப்பது. மூன்று பேஸ் வழங்கலில் பொதுவான நியூட்ரல் துண்டிக்கப்பட்டால், வெவ்வேறு பேஸில் உள்ள இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்கு இடையே தொடராக இணைந்ததுபோல் ஆகிவிடும். அதிகச் சுமை உள்ள வீட்டில் விளக்கு மங்கும். ஒரே ஒரு தொலைக்காட்சி ஓடும் வீட்டின்மேல் பெரும்பங்கு மின்னழுத்தம் விழும். சிக்கனமாக இருந்த வீட்டில்தான் பெட்டி வெடிக்கிறது. ‘ஹை வோல்டேஜ் வந்துடுச்சு’ என்று தெருவில் கேட்கும் குரலுக்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது இதுவே. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தில் 1960களின் இறுதியில் உருவான துத்தநாக ஆக்சைடு வேரிஸ்டர், இன்று பல கருவிகளின் வாசலில் நீல வில்லைபோல நிற்கிறது. இடிமின்னலின் நுண்ணொடித் துள்ளலை அது விழுங்கும். நிமிடக்கணக்கில் நீடிக்கும் 400 வோல்ட்டை அதனால் விழுங்க முடியாது. தானே கருகி, நல்ல வேளையாக உருகியையும் அறுத்துவிட்டுப் போகும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தெருக்களிலும் வீடுகளிலும் நீர் நின்றது. இத்தகைய நாட்களில் மின்துறை முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்துவது முதலில் உயிர்களுக்காக. கருவிகளுக்காகச் செய்ய வேண்டியது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது: மின்சாரம் போனதும் மெயினை அணைப்பது, திரும்பி வந்ததும் ஒரு விளக்கை மட்டும் போட்டுச் சிறிது நேரம் பார்ப்பது, விளக்கு மங்காமலும் மிகையாக ஒளிராமலும் நின்றால் ஒவ்வொன்றாகப் போடுவது, நனைந்த எதையும் உலர்த்திச் சோதிக்கும்வரை செருகாமல் இருப்பது.

பழுதுபார்க்கும் கடைகளில் இதே எண்ணம் ஒரு பலகையில் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு சுவிட்ச், ஒரு பிளக் பாயின்ட், இரண்டுக்கும் நடுவே தொடராக 100 வாட் குண்டு பல்பு. சரிசெய்த பெட்டியை முதல்முறை அதில்தான் போடுவார்கள். பெட்டிக்குள் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. சரியாக இருந்தால் மின்தேக்கி நிரம்பும்வரை பளிச்சென்று மின்னி மங்கிவிடும். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய வானொலி வாங்கிச் செல்பவருக்கும் இந்தப் பலகை உதவும். பல ஆண்டுகள் மின்சாரம் காணாத மின்பகு மின்தேக்கியில் அலுமினிய ஆக்சைடுப் படலம் மெலிந்திருக்கும். நேராக 230 வோல்ட்டில் செருகினால் அது கசிந்து, சூடாகி, வெடிக்கவும் கூடும். பல்பின் வழியாகவோ வேரியாக்கைத் திருப்பியோ மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால், நல்ல நிலையில் உள்ள மின்தேக்கியில் படலம் மீண்டும் வளர்ந்துகொள்ளும்.

குண்டு பல்பு இப்போது கடைகளில் அரிதாகிவருகிறது. அதன் இடத்தில் எல்இடி பல்பை மாட்டிப் பயனில்லை. அதற்குள்ளேயே ஓர் அலைதிருத்தியும் மின்தேக்கியும் இருக்கின்றன. மின்னோட்டத்துக்கேற்ப மின்தடை மாறும் இழை இல்லை. அதனால் பழைய மெக்கானிக்குகள் 100 வாட் பல்பு கண்ணில் பட்டால் இரண்டு மூன்றாக வாங்கி, உடையாமல் தாளில் சுற்றி, மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்கிறார்கள்.